கட்டைவிரல் எடை

தட்டில் ஒன்றுமே இல்லை. தராசு நாற்பது கிராம் என்று காட்டியது.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. ஆவி படிந்த ஜன்னலுக்கு வெளியே வெயில் அடிக்கிறதா, மேகம் மூடியிருக்கிறதா என்று தெரியவில்லை. மதிய நேரத்தில் அந்த அடுக்குமாடியில் பாதிப் பேர் வேலைக்குப் போய்விடுவதால் லிஃப்ட் ஏறி இறங்குகிற முனகலும், ஃபிரிட்ஜ் உறுமுகிற சத்தமும், எங்கோ ஒரு குழாய் சொட்டுவதும் தவிர வேறு எதுவும் காதில் விழவில்லை. கூரியர் ஆபீஸ் கவுண்டரில் தலை நரைத்த பிறகும் பார்சல் எடை போடுகிறவள் அவள், அன்றைக்கு லீவு. டிஜிட்டல் தராசுகளின் கிறுக்குத்தனமெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அடியில் ஈரம் இருந்தால் எண் ஓடும். தட்டுக்குக் கீழே ஒரு பருக்கை சிக்கினால் எண் நிற்காது. பேட்டரி தீரப்போகிறது என்றால் வாய்க்கு வந்ததைச் சொல்லும். துடைத்தாள், கவிழ்த்து ஊதினாள், பூஜ்ஜியமாக்கும் பொத்தானை அழுத்தினாள். பூஜ்ஜியம் வந்தது. பீன்ஸை நறுக்கி முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் மறுபடியும் நாற்பது.

"சரிதான், உனக்கும் வயசாயிடுச்சு" என்று தராசிடம் சொன்னாள். வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமல் போனதிலிருந்து அடுப்பு, குழாய், தராசு என்று பாரபட்சம் இல்லாமல் எல்லாவற்றோடும் பேசுகிற பழக்கம் வந்திருந்தது.

கிண்ணத்தை வைத்துப் பூஜ்ஜியமாக்கி, நூற்றைம்பது வரும்வரை சோறு போட்டாள். நூற்றைம்பது என்றது தராசு. ஆனால் கிண்ணத்தின் உள்பக்கம் ஓடுகிற நீலக்கோட்டைச் சோறு தொடவில்லை. நூற்றைம்பது கிராம் என்றால் கோட்டைத் தொடும். இது நூற்றுப்பத்துதான். அவளுக்குக் கண்ணாலேயே தெரியும். மாதக்கணக்கில் அந்த நூற்றுப்பத்தைத்தான் தன் கையால் தங்கைக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தாள்.

சாப்பிடாமல் கிண்ணத்தை மூடி வைத்தாள்.

தங்கைக்கு வீட்டில் பஞ்சு என்று பெயர். பிறந்தபோது கையில் வைத்தால் கனமே தெரியாது என்பதால் அப்பா வைத்த பெயர். வளர்ந்து, வாசலில் நின்றால் வாசலே தெரியாத அளவுக்கு உடம்பு வந்த பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. அதைச் சொல்லி யாராவது கேலி செய்தால் முதல் ஆளாகச் சிரிப்பவளும் பஞ்சுதான். இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், வாக்கரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள்ளேயே நடக்கிற நிலைமை வந்தபோது, எடை குறைந்தால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். உணவு ஆலோசகர் ஒரு அளவு கொடுத்தார். வேளைக்கு வெந்த சோறு நூற்றைம்பது கிராம், கூடவே காய், ஒரு முட்டை, அவ்வளவுதான். தராசை ஆர்டர் போட்டு வரவழைத்தவள் பஞ்சு. அளந்து போடுகிற வேலை மட்டும் அக்காவுக்கு.

சமையலறையில் கிண்ணம் தராசில் உட்காருகிற சத்தம் கேட்டதும், அறையிலிருந்து பஞ்சு ஸ்பூனால் கண்ணாடி டம்ளரை இரண்டு தட்டு தட்டுவாள். டிங், டிங். எவ்வளவு என்று கேட்கிறாள். அக்கா எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும்.

"நூத்தம்பது."

"நம்பரைச் சொல்லிட்டா போதும் அக்கா. மிச்சத்தை வயிறு பாத்துக்கும்."

முதல் தடவை நடந்தது தெரியாமல்தான். கிண்ணத்தைப் பிடித்திருந்த கையின் கட்டைவிரல் தட்டின் ஓரத்தில் பட்டிருந்தது. எண் நூற்றைம்பதைத் தொட்டது, அவளும் சொல்லிவிட்டாள். விரலை எடுத்ததும் நூற்றுப்பத்துக்கு இறங்கியது. இன்னொரு கரண்டி போட்டிருக்கலாம். போடவில்லை. அன்று காலையில் பஞ்சுவைக் குளியலறைக்குத் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போனதில் அவளுக்கு இடுப்புப் பிடித்திருந்தது. வாராவாரம் எடை பார்க்கிற மெஷினோ அசைவேனா என்று அடம்பிடித்தது. கொஞ்சம் சீக்கிரம் குறைந்தால் ரெண்டு பேருக்கும் விடுதலை, அவளுக்கும் நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் விரல் தானாகவே அந்த இடத்துக்குப் போனது.

ஆபீஸில் பக்கத்து கவுண்டர் மீசைக்காரர் இதே வேலையைப் பார்சல்களிடம் காட்டுவார். தட்டோரத்தில் நைசாக விரலை ஊன்றி, எடையை அடுத்த கட்டணத்துக்கு ஏற்றிவிடுவார். "உங்களுக்குக் கை கூசலையா?" என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டவள் அவள். ஊரார் பார்சலில் ஒரு நாளும் அவள் விரல் பட்டதில்லை. அந்தப் பெருமையோடு வீட்டுக்கு வந்துதான் தங்கையின் சோற்றில் வைத்தாள்.

பஞ்சுவுக்கு எடை குறைந்தது. கன்னம் வற்றியது, கை தொளதொளத்தது, குரல் சின்னதாகிவிட்டது. "என்னவோ அக்கா, முன்ன இருந்த நிறைவு இப்ப நூத்தம்பதுல இல்லை" என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். இன்னொரு நாள் சிரிக்காமல், "பசிக்குது அக்கா" என்றாள்.

"நூத்தம்பது சாப்பிட்டவளுக்கு எப்படிடீ பசிக்கும்? உனக்கு வயித்துப் பசி இல்லை, வாய்ப் பசி."

பஞ்சு தலையை ஆட்டி ஒப்புக்கொண்டாள். அக்கா சொன்ன எண்ணை நம்பினாள், தன் வயிற்றை நம்பவில்லை.

ஒரு விடியற்காலையில் ஃபிரிட்ஜ் கதவு திறந்து கிடந்தது. அதன் வெளிச்சத்தில் பஞ்சு தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தாள், உடம்பு சில்லிட்டிருந்தது. வாக்கர் பக்கத்தில் கவிழ்ந்திருந்தது. மடிக்கு எதிரே தராசு, அதன் மேல் ஒரு ரொட்டித் துண்டு. ஓரம்கூடக் கடிபடவில்லை. திருட்டுத்தனமாகச் சாப்பிட வந்த இடத்திலும் எடை பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்க நினைத்திருக்கிறாள்.

இதயம் பலவீனம், பாரமும் அதிகம் என்றார் டாக்டர். யாரும் எதுவும் கேட்கவில்லை. எதிர் வீட்டு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "பெத்த தாய்கூட இப்படி அளந்து அளந்து பாத்திருக்க மாட்டாங்கம்மா. பஞ்சு குடுத்து வெச்சவ." அந்தக் கையை உதறிவிட்டு ஓடிவிடலாம் போல இருந்தது. கட்டைவிரலைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள்.

இவ்வளவுக்கும் பிறகு, இப்போது, தட்டில் நாற்பது.

அன்று மாலையே தம்பியிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, நீ தனியா அங்க என்ன பண்ணப் போற? இங்க வந்துடு. என் சின்ன மகளுக்குச் சுகர்னு சொன்னேன்ல. சாப்பிடற சோத்தை எடை போட்டு, அதுக்குத் தகுந்த மாதிரி ஊசி போடணும். ஊசி போட்டுட்டுச் சாப்பாடு குறைஞ்சா மயங்கி விழுந்துடுவாளாம். எங்க ரெண்டு பேருக்கும் கை நடுங்குது. உன்னை மாதிரி கரெக்டா யாரு அளப்பாங்க?"

அவள் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"சின்னவ உனக்கு இப்பவே பீரோல பாதியைக் காலி பண்ணி வெச்சுட்டா. பெரியத்தை அளந்து குடுத்தாதான் சாப்பிடுவேன்னு அடம். ஞாயித்துக்கிழமை நான் வரேன். மதியம் சாப்பிட்டுட்டுக் கிளம்பிடலாம்."

போக வேண்டும் என்று அவளுக்கு எவ்வளவு ஆசை என்பது அந்த நிமிடம்தான் அவளுக்கே தெரிந்தது. ஒரு குழந்தை இருக்கிற வீடு, இரைச்சல், யாராவது டிவியை அணை என்று கத்துவது. "வரேன்டா" என்று சொல்லிவிட்டாள்.

தராசு கெட்டுப்போய்விட்டது, அவ்வளவுதான். புதிது ஒன்று வாங்கினாள். கடையிலிருந்து வந்து, அட்டைப்பெட்டியைப் பிரித்து, புது பிளாஸ்டிக்கின் வாசனை போவதற்குள் பேட்டரியைப் போட்டு மேடையில் வைத்தாள். பூஜ்ஜியம். நிம்மதியாக மூச்சு விட்டாள். அந்த மூச்சு முடிவதற்குள் எண் ஏறியது, மெதுவாக, கூச்சத்தோடு ஒருவர் விரலை ஊன்றுவதைப் போல. பத்து. இருபத்தைந்து. நாற்பது.

சமையலறையில் மூட்டுவலித் தைலத்தின் வாசனை அடித்தது. பஞ்சுவின் முழங்காலுக்குத் தேய்க்கிற தைலம். பாட்டில் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது.

மறுநாள் ஆபீஸில் ஒரு பெரியவர் மகனுக்கு அனுப்ப மருந்துப் பொட்டலம் கொண்டுவந்திருந்தார். அவள் அதைத் தராசில் வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"அந்த விரலைக் கொஞ்சம் எடும்மா."

"எந்த விரல்?"

"தட்டு மேல வெச்சிருக்கியே."

அவளுடைய இரண்டு கையும் விசைப்பலகை மேல் இருந்தன. பெரியவர் அந்தக் கைகளைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மீசைக்காரர் கவுண்டருக்குப் போய்விட்டார். மீசைக்காரர் இவளை எட்டிப் பார்த்து லேசாகச் சிரித்தார். நீயும் நம்ம ஜாதிதானா என்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

கோளாறு தராசில் இல்லை. அது அவளோடு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி வீட்டுக்குப் போனால் அதுவும் கூடவே வரும். சின்னவள் கிண்ணத்துக்கு நூற்றைம்பது என்று எண் காட்டும், நூற்றைம்பதுக்கு ஊசி போடுவார்கள், குழந்தை நூற்றுப்பத்தைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளும். கண்ணளவில் கூட்டிப் போட்டுச் சமாளிக்கலாம் என்று வீட்டில் பழகிப் பார்த்தாள். அவள் நாற்பது கூட்டினால் விரல் எண்பதுக்கு அழுத்தியது. கோடு வரைக்கும் போட்டுவிட்டுத் திரும்பினால் சோறு கோட்டுக்குக் கீழே கிடந்தது. வர முடியாது என்று தம்பியிடம் சொல்லிவிடலாம். ஏன் என்று கேட்பான். என்னவென்று சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

பெட்டியைக் கட்டிக் கதவோரம் வைத்தாள். வெளியே மழை கட்டிக்கொண்டு நின்றதால் பட்டப்பகலில் வீடு மங்கிக் கிடந்தது. விளக்கைப் போட்டாலும் சமையலறையின் மூலைகளுக்கு வெளிச்சம் எட்டவில்லை. பஞ்சுவின் அறைக்கதவு சாத்தியிருந்தது. அது சாத்திய கதவுதான், அன்றைக்கு அவள்தான் சாத்தினாள், பிறகு திறக்கவே இல்லை. ஆனாலும் உள்ளே கட்டில் மரம் ஒரு தடவை முனகியது, கனமான ஒருவர் சாப்பாட்டுக்காக எழுந்து உட்காருகிற மாதிரி. தைல வாசனை கதவிடுக்கு வழியாகத் தரையோடு தரையாக வந்தது. இன்றைக்கு எப்படியாவது இதை முடித்துவிட வேண்டும். தம்பி வருவதற்குள்.

சோறு வெந்தது. கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கினாள்.

டிங், டிங்.

பஞ்சுவின் டம்ளர் கழுவி, கவிழ்த்து, அவள் கண்ணெதிரே அலமாரியில் இருந்தது. சத்தம் அறைக்குள்ளிருந்து வந்தது.

சோறு போட்டாள். நூற்றைம்பது. நீலக்கோடு மேலே தனியாகத் தெரிந்தது. பழக்கத்தில் அந்த எண் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினாள்.

"நூத்திப்பத்து" என்றாள். அறைவரை எட்டவில்லை. மறுபடி சொன்னாள். "நூத்திப்பத்துதான் பஞ்சு. உனக்குக் குடுத்தது எப்பவுமே நூத்திப்பத்துதான். மிச்சம் நாப்பது என் விரல்."

ஃபிரிட்ஜின் உறுமல் நின்றது. எங்கேயோ சொட்டிக்கொண்டிருந்த குழாயும் நின்றது.

தராசின் எண் இறங்கியது. நூற்றுப்பத்து. எத்தனையோ நாளுக்குப் பிறகு அது உண்மையைச் சொன்னது. அவளுக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும். இவ்வளவுதானா? இதைச் சொல்லத்தானா இத்தனை நாள் செத்துச் செத்துப் பிழைத்தாள்? கிண்ணத்தை இறக்கினாள், பொத்தானை அழுத்தினாள், காத்திருந்தாள். பூஜ்ஜியம். அசையவில்லை. போகலாம். சின்னவளுக்குச் சரியாக அளந்து போடலாம்.

டிங், டிங்.

"தட்டுல ஒண்ணும் இல்லையே பஞ்சு."

டிங், டிங்.

அவசர அவசரமாகச் சிறு தட்டில் நாற்பது கிராம் சோறு வைத்தாள். சுத்தமான நாற்பது. "இந்தா. உன்னோட நாப்பது. எடுத்துக்கோ." சோற்றிலிருந்து ஆவி அடங்கியது. ஒரு பருக்கைகூடக் குறையவில்லை.

டிங், டிங். கோபம் இல்லை அந்தச் சத்தத்தில். பஞ்சுவுக்குக் கோபமே வராது. பொறுமையாகக் கேட்கிறாள். அக்கா சொன்ன எண்ணை எப்போதும் நம்புகிறவள். மிச்சம் நாற்பது எது என்று இப்போது அக்காவே சொல்லிவிட்டாள்.

அவளுக்குப் புரிந்தது.

ஓடிவிடலாம். பெட்டி கதவோரம் இருக்கிறது. ஓடினால் இது எங்கே வரும் என்பதும் தெரியும்.

சோற்றை இறக்கினாள். தட்டைத் துடைத்தாள். கட்டைவிரலைப் பழைய இடத்தில் வைத்தாள். அழுத்தவில்லை. வெறுமனே வைத்தாள்.

நாற்பது.

முதலில் சூடு. ஈரமான சூடு. ஒரு மூச்சு மணிக்கட்டில் பட்டது. தைல வாசனை முகத்துக்கு மிக அருகில் இருந்தது. பிறகு விரல் நுனியைச் சுற்றி எதுவோ மெத்தென்று மூடிக்கொண்டது.

வலி இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

முப்பத்தொன்பது.

முப்பத்தெட்டு.

விரலைப் பார்க்கவில்லை. எண்ணை மட்டும் பார்த்தாள். சாத்திய கதவுக்குப் பின்னால் மெல்லுகிற சத்தம். மெதுவாக. ஆலோசகர் சொல்லிக்கொடுத்தபடி, ஒவ்வொரு வாயையும் நன்றாக மென்று.

முப்பது.

காலிங் பெல் அடித்தது.

"அக்கா, நான்தான். கதவைத் திற."

இருபத்திரண்டு.

"அக்கா? உன் பெட்டி கட்டியாச்சா? சின்னவளும் கூட வந்திருக்கா. உன்னைப் பாக்கணும்னு ஒரே பிடிவாதம்."

பதினான்கு. வாய்க்குள் உப்பு கரித்தது. உதட்டைக் கடித்திருந்தாள்.

கதவுக்கு வெளியே சின்னக் குரல். "பெரியத்தை, எனக்குப் பசிக்குது."

ஆறு. மூன்று.

பூஜ்ஜியம்.

கை லேசாகிவிட்டது. கண்ணைத் தாழ்த்தி அதைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. முடிந்தது என்று நினைத்தாள். கதவைத் திறக்கத் திரும்பினாள்.

டிங், டிங்.

ஆமாம். இது ஒரு வேளைக்கு. எத்தனை வேளை என்று அவள் எண்ணி வைத்ததில்லை.

"அக்கா, உள்ள என்ன பண்ணிட்டிருக்க?"

"ஒரு நிமிஷம்டா" என்றாள். குரல் நடுங்கவில்லை. "சாப்பாடு எடுத்து வெச்சிட்டு வரேன்." குழந்தை பசியோடு வாசலில் நிற்கிறாள். இங்கே பாக்கி வைத்துவிட்டு அந்த வீட்டுக்குப் போகக் கூடாது.

ஈரத்துணியால் தட்டை மறுபடி துடைத்தாள். துணி சிவந்தது. பூஜ்ஜியம் நிலைக்கும்வரை பொறுத்திருந்தாள். அடுத்த விரலைத் தட்டின் நடுவில் நீட்டினாள். உள்ளங்கையோ, புடவைத் தலைப்போ, வேறு எதுவோ ஓரத்தில் பட்டுவிடாமல் கவனமாகப் பார்த்துக்கொண்டாள். எண் ஏறி நின்றது. அறைக்குள் கேட்கும்படி, ஒரு கிராம் கூட்டாமல் குறைக்காமல், உரக்கச் சொன்னாள்.

"இருபத்தேழு, பஞ்சு."

உள்ளே ஸ்பூனைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.